21 சீட்டு வித்தை: தேர்வு உங்களுடையது, ஆனால் பயன்?

சுலபமான சீட்டு வித்தை எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்வது 21 சீட்டு வித்தையைத்தான். ஓசூர் சிப்காட் பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் ரூம்களில் இன்னும் இதைப் பார்க்கிறேன். ஒருத்தர் தருமபுரி, ஒருத்தர் குப்பம், இன்னொருத்தர் ஆனேக்கல் என்று இருக்கும் இடத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. பேச்சே தேவையில்லை. "எந்த வரிசை?" என்ற ஒரே கேள்வி போதும், தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்கத் தெரியாவிட்டால் கையைக் காட்டினாலே புரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக: 21 சீட்டை வரிசைக்கு 7 வீதம் 3 நீள வரிசையாக, இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். பார்ப்பவர் மனசுக்குள் ஒரு சீட்டை நினைத்துக்கொண்டு, அது இருக்கும் வரிசையை மட்டும் சொல்வார். அந்த வரிசையை நடுவில் வைத்து அடுக்கி மறுபடி பரப்புகிறோம். இப்படி மூன்று முறை. கடைசியில் மேலிருந்து 11-வது சீட்டுதான் அவர் நினைத்தது.

ஏன் 11? முதல் தடவை நடுவில் வைத்ததும் அந்தச் சீட்டு 8-லிருந்து 14-க்குள் வந்துவிடுகிறது. மறுபடி பரப்பினால் தன் வரிசையில் அது 3, 4 அல்லது 5-வது இடத்தில்தான் இருக்க முடியும். இரண்டாவது தடவை அடுக்கினால் 10, 11, 12-க்குள் சுருங்கும். அடுத்துப் பரப்பும்போது இந்த மூன்றுமே ஆளுக்கொரு வரிசையில் சரியாக நடுவில் விழும். அதாவது மூன்றாவது பதில் வந்த நொடியே செய்பவருக்குச் சீட்டு தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எண்ணுவது வெறும் நாடகம்!

என் முதல் குறை இங்கேதான். பார்ப்பவரின் தேர்வு உண்மையிலேயே சுதந்திரமானது. இஸ்பேடு ராணியோ டைமன் ரெண்டோ, யாரும் அவரை எந்தச் சீட்டின் பக்கமும் தள்ளவில்லை. ஆனால் மூன்று விடை உள்ள கேள்வியை மூன்று முறை கேட்டால் 3×3×3, அதாவது 27 சீட்டுகள் வரை பிரித்துச் சொல்லிவிடலாம். இருப்பதோ 21. அவரே வாயைத் திறந்து மொத்த ரகசியத்தையும் சொல்லிவிட்டார், நாம் கேட்டு எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். கொஞ்சம் கணக்கு வரும் ஆள் இரண்டாவது தடவையிலேயே "இதுக்குத்தானா இத்தனை தடவை கேக்குற?" என்று சிரித்துவிடுவார்.

27 சீட்டில் செய்தால் கதையே வேறு. பிரெஞ்சுக் கணிதர் ஜெர்கோன் 200 வருஷத்துக்கு முன்னாலேயே அலசிய விஷயம் இது. மார்ட்டின் கார்ட்னர் 1956-இல் வந்த தன் புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இதில் பார்ப்பவர் சீட்டோடு 1 முதல் 27 வரை ஓர் எண்ணையும் சொல்வார். சீட்டு அந்த எண்ணில் வந்து நிற்க வேண்டும். 17 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றைக் கழித்தால் 16. அதை 9, 3, 1 என்று பிரித்தால் ஒரு 9, இரண்டு 3, ஒரு 1. ஒன்றிலிருந்து தொடங்கிப் படித்தால் 1, 2, 1. இந்த எண்கள், அவர் காட்டும் வரிசைக்கு மேலே எத்தனை வரிசை இருக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன: முதலில் நடுவில், அடுத்து அடியில், கடைசியில் மறுபடி நடுவில். சீட்டு 17-இல் நிற்கும். இங்கேயும் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்தான். ஆனால் எண்ணையும் அவரே கேட்டதால் "எப்பவும் 11 தானே" என்று யாரும் மடக்க முடியாது.

இரண்டாவது குறை வித்தை மேல் இல்லை, அதைக் கற்றுக்கொண்டவர்கள் மேல். இதைச் செய்யத் தெரிந்த பையன்கள் சிலர், திருவிழாக் கூட்டத்தில் மூணு சீட்டுக்காரனைப் பார்த்ததும் "நமக்கு சீட்டு தெரியும்" என்று பணத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கேயும் "எதை வேணும்னாலும் தொடுங்க" என்றுதான் சொல்வான், தேர்வும் சுதந்திரம்தான். ஆனால் சீட்டைப் போடும்போதே கைமாற்றம் முடிந்திருக்கும். பக்கத்தில் நின்று ஜெயிக்கிற ஆளும் அவனுடைய ஆள்தான். 21 சீட்டில் எந்தச் சீட்டை நினைத்தாலும் செய்பவர் கண்டுபிடிப்பார், மூணு சீட்டில் நம் கண் பின்தொடர்ந்த எந்தச் சீட்டைத் தொட்டாலும் காசு போகும். சம்பள நாளுக்கு மறுநாள் இந்த வித்தியாசம் தெரியாமல் இருப்பது ரொம்பச் செலவான விஷயம்.

மற்றபடி, கற்றுக்கொள்வதென்றால் நேராக 27-க்கே போய்விடுங்கள். ஷிப்ட் பஸ்ஸில் முயற்சி செய்ய வேண்டாம், மூன்று வரிசை பரப்ப சீட்டில் இடம் பத்தாது. கேன்டீன் மேஜை சரியாக இருக்கும்.