தங்கத்தை விட்ட பணம், தண்டலை விடாத கூலி

1971 ஆகஸ்ட் 15 அன்று, டாலருக்கு ஈடாகத் தங்கம் தருவதை அமெரிக்க அதிபர் நிக்சன் நிறுத்தினார். இந்தியா அதற்கு முன்பே அந்தப் பக்கம் நகர்ந்திருந்தது. 1957 முதல், 115 கோடி ரூபாய்த் தங்கம் உட்பட 200 கோடி இருப்பு இருந்தால் போதும். ரிசர்வ் வங்கி எவ்வளவு நோட்டும் வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. 2024 மார்ச்சில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு 34 லட்சம் கோடியைத் தாண்டியது. வங்கிக் கணக்குகளில் எண்ணாக மட்டும் இருக்கும் பணம் அதைப்போலப் பல மடங்கு. வங்கி கடன் தரும்போதே அந்தத் தொகை புதிய வைப்பாகப் பிறந்துவிடுகிறது.

இதை ‘வெறும் காகிதம்’ என்று ஏசுவோர் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையைப் பார்க்க வேண்டும். 1976 வரை ஜாகிர்தார்கள் என்ற நிலப்பிரபுக்களின் பிடியில் இருந்த மலை அது. பழங்குடி மக்களிடம் கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். பணத்துக்குப் பின்னால் தங்கம் நின்ற காலமும் அவர்களை மீட்கவில்லை. 1969-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் வங்கிக் கடன் பெருமளவில் கிராமங்களுக்கு இறங்கியது. 1992-ல் நபார்டு 500 சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. அடமானம் வைக்க ஏதுமில்லாத பெண்கள் குழுவின் நாணயத்தை நம்பிக் கடன் பெற்றார்கள். தங்கம்தான் எல்லை என்றிருந்தால் கடன் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கடன் பெருகியது, ஆனால் கீழே இறங்க இறங்க அதன் விலை ஏறுகிறது. மகளிர் குழுவுக்கு வட்டி மானியத்தோடு 7 விழுக்காட்டில் வங்கிக் கடன் உண்டு. நுண்கடன் நிறுவனத்தில் அது பெரும்பாலும் 20-ஐத் தாண்டும். அதற்கும் கீழே தண்டல். 10,000 என்று எழுதி 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலித்தால், ஆண்டுக் கணக்கில் வட்டி 100 விழுக்காட்டுக்கு மேல் போகிறது. சம்பளச் சீட்டும் பட்டாவும் இல்லாதவருக்கே இந்த விலை.

கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் அப்படிப்பட்ட கூலித் தொழிலாளர்களின் பகுதி. 2024 ஜூனில் அங்கும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோர் குடும்பங்களுக்கு அரசு தலா 10 லட்சம் அறிவித்தது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் நிலை வைப்பு. அந்தச் சாவுகளுக்குக் கடன்தான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அன்றாடக் கூலி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அவை காட்டின. ஒருவர் படுத்துவிட்டால் வருமானம் நின்றுபோகும். தவணை நாள் நிற்பதில்லை.

2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கான வட்டி உச்சவரம்பை நீக்கியது. தவணைகள் குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் விதித்தது. மாதம் 10,000 வரும் வீட்டில் 5,000 தவணைக்குப் போனால் அரிசிக்கும் மருந்துக்கும் என்ன மிஞ்சும்? மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது நல்லதே. ஆனால் அது வசூலிக்கும் முறையைத் திருத்தும். வட்டிச் சுமையை இறக்காது.

தங்கத்துக்குத் திரும்புவது தீர்வல்ல. பணத்தை உருவாக்கும் உரிமையை வங்கிகளுக்குத் தந்திருப்பது பொதுச் சமூகம். மலிவான கடனைக் கூலிக்காரர் வாசல்வரை நேரடியாகக் கொண்டு சேர்ப்பதும், அந்தப் பாதி வரம்பைக் குறைப்பதும் அந்த உரிமைக்கு ஈடான கடமைகள்.