போர்க்கால நினைவும் றப்பர்த் தோட்ட மக்களும்: ஒரு விமரிசனக் குறிப்பு

இரண்டாவது உலக யுத்தம் என்றவுடன் தமிழிலக்கிய மாணவரின் நினைவுக்கு வருவன மலாயாவும் சுமாத்திராவுமாகும். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும், சயாம் மரண ரயில்பாதையைப் பொருளாகக் கொண்ட மலேசிய நாவல்களும் அந்நினைவுக்கு உருவம் தந்துள்ளன. அவை யுத்தம் படையாகவும் குண்டாகவும் நேரே வந்திறங்கிய நிலங்கள். இலங்கையின் சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு அது வேறு வடிவிலே வந்தது. பால்வெட்டுக் கத்தியாகவும் அரிசிக் கொத்தாகவும் வந்தது. அந்த வருகை குடும்பங்களின் வாய்மொழியில் இன்றும் உண்டு. நாம் படித்த மலையகப் புனைகதைகளிலோ அதற்குரிய இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. ‘மலையகம்’ என்னும் சொல்லே தேயிலை மலைகளை மனக்கண்முன் நிறுத்துவதால், சிங்களக் கிராமங்களிடையே சிதறிக்கிடக்கும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்கள் நமது பார்வையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிட்டன.

நினைவை ஆராயுமுன் அதன் பௌதிக அடிப்படையை நோக்குதல் வேண்டும். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ஜாவாவும் வீழ்ந்தது. உலக இயற்கை றப்பரின் மிகப் பெரும்பகுதி நேசநாடுகளின் கையைவிட்டுப் போகவே, அவற்றின் முதன்மையான றப்பர் நிலமாக இலங்கை மாறிற்று. மரத்தின் நாளையைக் கருதாது பட்டையை அளவு மீறி வெட்டிப் பாலெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதே மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தது, பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது. ஆக, ஒரே படையெடுப்பு ஒருபுறம் உழைப்பைக் கூட்டிற்று, மறுபுறம் சோற்றைக் குறைத்தது. அந்த முரண்பாட்டை உடலால் அனுபவித்தவர்கள் தோட்டத் தொழிலாளரே.

அரநாயக்கப் பகுதித் தோட்டமொன்றில் வாழ்ந்த நமது அம்மாயி அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. குண்டு விழுந்த கதையை அவர் சொன்னதில்லை. 1942 ஏப்ரில் 5இல் கொழும்பு தாக்கப்பட்டதும் அவருக்குக் கேள்விச் செய்தியே. அவர் சொன்னவை வேறு: விடியுமுன் பிரட்டுக்குப் போன தாய், ஒரு வெட்டு இருந்த மரத்தில் விழுந்த இரண்டாம் வெட்டு, சிரட்டையின் அடியில் ஒட்டுப்பால் பிடுங்கிய பிள்ளைகள், அரிசிக்குப் பதிலாகக் கிடைத்த கோதுமை மாவை என்ன செய்வதென்று அறியாமல் களியாகக் கிண்டிய முதல் இரவு. “மரமும் நாங்களும் ஒண்ணாத்தான் காஞ்சோம்” என்பார். அடுத்த கிராமத்துச் சிங்களப் பெண்ணொருத்தி வேலிக்கு மேலாக ஈரப்பலாக்காய் கொடுத்ததையும் அவர் மறந்ததில்லை.

இத்தகைய நினைவுகளை ஏக்கமாகவோ சோகமாகவோ மாத்திரம் பதிவுசெய்யும் போக்கு நம்மிடையே உண்டு. அது போதாது. நினைவு தன்னளவில் வரலாறு ஆகாது. ‘வெள்ளைக்காரத் துரை காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது’ என்று அதே அம்மாயி சொன்னதையும் நாம் கேட்டிருக்கிறோம். அந்த ஒழுங்கு யாருடைய தேவைக்காக இயங்கியது என்ற வினாவை விமரிசகனே எழுப்பவேண்டும். ஈரப்பலாக்காயின் நினைவையும் தனித்து நிறுத்தி மகிழ முடியாது. 1946இல் இதே கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்கென அரசினாற் சுவீகரிக்கப்பட்டபோது, நிலமற்ற விவசாயியும் லயத்துத் தொழிலாளியும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். பசியில் பகிர்ந்துகொண்டவர்களை நிலப் பிரச்சினையிலே பிரித்தது எது என்பதே இலக்கியம் தொடவேண்டிய இடம்.

இவ்விடத்தே ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பிக்கும் மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழாண்டுகள் இடையறாது இந்நாட்டில் வதிந்ததை நிறுவவேண்டும் என்றது, மணமாகாதவருக்குப் பத்தாண்டுகள். அந்த ஏழாண்டுகளுக்குள் யுத்தகாலம் முழுவதும் அடங்கிவிடுகிறது! 1939 ஓகஸ்டிலிருந்து இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்திருந்தமையால், ஊருக்குப் போனால் திரும்ப முடியுமோ என அஞ்சித் தாயின் சாவுக்கும் போகாதிருந்தவர் அம்மாயியின் தந்தை. நேச நாடுகளுக்கு இவர்கள் பால்வெட்டிக் கொடுத்த ஆண்டுகளையே, ‘நீ இங்கு இருந்தாயா?’ என்று சட்டம் பின்னர் கேட்டது. 1952இல் சீனத்துடனான றப்பர்–அரிசி ஒப்பந்தத்தால் நாடு உணவு பெற்றபோதும், அந்தப் பாலை வெட்டிய கைகளிற் பெரும்பாலானவற்றுக்கு வாக்குச்சீட்டு இல்லை.

எனவே சப்பிரகமுவக் குடும்பங்களின் யுத்தகால நினைவு பழங்கதையன்று, சாட்சியம். சட்டம் காகிதத்தைக் கேட்டபோது அவர்களிடம் இருந்தது உழைப்பின் நினைவு. அதனை வகைப்படுத்தி, வினவி, அதன் மௌனங்களையும் படித்து, படைப்பாளியின் கைக்கு எட்டச் செய்வது முற்போக்கு விமரிசனத்தின் கடமையாகும். 1942இல் சிறுவராயிருந்தோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர்; இப்பணியைப் பிற்போட நமக்கு அவகாசமில்லை.