பி ஸ்டாண்டில் ஒரு சண்டே ஸ்கூல்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியை உனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கேட்டால், அவர்கள் கோப்பை வென்ற கதையை நான் முதலில் சொல்வதில்லை. கடைசி இடத்தில் முடித்த கதையைத்தான் சொல்வேன். 2018-19 சீசன். முந்தின சீசனில்தான் ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆகியிருந்தார்கள். அடுத்ததில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தமே 9 புள்ளிகள். அட்டவணையின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வருடமும் நேரு ஸ்டேடியத்தின் பி ஸ்டாண்டில் கொடி பறந்தது, மேளம் அடித்தார்கள், தொண்டை கட்டும்வரை பாடினார்கள். தோற்றுத் தலைகுனிந்து வந்த ஆட்டக்காரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். விசுவாசம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. அதை இத்தனை சத்தமாக, இத்தனை அழகாக யாரும் எனக்கே சொல்லிக்கொடுத்ததில்லை!

பாலவாக்கத்தில் எங்கள் சபையின் சிறுவர் ஊழியம் என் பொறுப்பு. ஞாயிறு காலை சண்டே ஸ்கூல், மே மாதம் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் நாடகம். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஈ.சி.ஆர். ஓரத்து அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருகிறவர்கள், பாதிப்பேர் குப்பத்திலிருந்து வருகிறவர்கள். ஒரே பாயில் உட்கார்ந்தாலும் இரண்டு கூட்டமாகத்தான் உட்காருவார்கள். ஒரு தரப்பு இங்கிலீஷில் பேசிக்கொள்ளும், மறு தரப்பு வாயே திறக்காது. ஆக்‌ஷன் சாங், வினாடி வினா, மனப்பாட வசனப் போட்டி எல்லாம் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் பெற்றோரிடம் அனுமதி வாங்கி எல்லாரையும் சென்னையின் ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திருவான்மியூர் போய்ப் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் பெரியமேடு வரைக்கும் நடை. வாசலில் வாங்கிய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்ட பிறகு யார் எந்தத் தெரு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆஃப்சைட் என்றால் என்ன என்று அடுக்குமாடிப் பையனுக்குக் குப்பத்துப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்க அவள்தான் டீச்சர்.

இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்கவைத்தவர் அப்பா. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை. நேரு ஸ்டேடியம் 1993இல் திறந்தபோது அங்கே நேரு கோப்பை நடந்தது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார். யார் யாரோடு ஆடினார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. விளக்கு வெளிச்சத்தில் புல் அத்தனை பச்சையாக இருந்தது மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. அப்பாவுக்கு வாழ்க்கையில் இரண்டு சட்டங்கள். ஆயர் ஐயா ஆசீர்வாதம் கூறுமுன் சர்ச்சை விட்டு வெளியே போகக் கூடாது. ரெஃப்ரி கடைசி விசில் ஊதுமுன் மைதானத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. “பஸ் கூட்டம்னு முன்னாடியே ஓடறவங்களுக்கு பஸ்ஸுதான் கிடைக்கும் பாப்பா, வேற ஒண்ணும் கிடைக்காது” என்பார்.

அந்தச் சட்டத்தின் அருமை எனக்கு 2015 டிசம்பரில் புரிந்தது. அந்த மழையைச் சென்னையில் யாரும் மறக்கமாட்டார்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமிருந்து உடுத்திய துணியோடு வந்தவர்களுக்கு எங்கள் சபைக் கூடத்தில் பெரிய அண்டாக்களில் சாம்பார் சாதம் கிண்டினோம். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் பொட்டலம் கட்டினார்கள். ஊர் முழுக்கத் தண்ணீரில் கிடக்க, சென்னையின் அணி தன் சொந்த ஊர் அரையிறுதி ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட வேண்டியதாயிற்று. சீசனின் நடுவில் அட்டவணையின் அடியில் கிடந்த அணி அது. வீடில்லாமல் போய் நின்று அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தது! பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் செய்தியைச் சொன்னபோது கூடமே அதிர்ந்தது. வீடு முழுகிப்போய் வந்திருந்த ஒரு பெரியவரும் கைதட்டினார். கால்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நம்ம ஊர் ஜெயித்தது என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது அவருக்கு.

இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவில், எஃப்.சி. கோவாவுக்கு எதிராக. ஞாயிற்றுக்கிழமை! எங்களுக்கு அன்றைக்குக் கேரல் ரவுண்ட்ஸ். வீடு வீடாகப் போய்ப் பாடினோம். ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் முறுக்கும் காபியும். பாடும்போது எல்லார் கண்ணும் அந்த வீட்டு டிவி பக்கம்தான். கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது 1-1. 87வது நிமிடத்தில் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கில் கோல் அடித்து கோவா 2-1. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் செருப்பைத் தேடினார்கள். அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. “உக்காருங்க எல்லாரும், இன்னும் விசில் ஊதலை.” உட்கார்ந்தோம். 90வது நிமிடத்தில் பெட்டிக்குள் வந்த பந்தைத் தடுக்கப் போன கோவா கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டு அது அவர் வலைக்குள்ளேயே போனது. நாங்கள் கத்தி முடிக்கவில்லை, இஞ்சுரி டைமில் மெண்டோசா ஓடிவந்து அடித்தார் பாருங்கள், 3-2! கிதார் வாசிக்க வந்த தம்பி கிதாரோடு குதித்தான். அந்த வீட்டு அம்மா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று என்னைக் கட்டிக்கொண்டார்கள். பிறகு நாங்கள் பாடிய கேரல் போல அதற்கு முன்னும் பின்னும் பாடியதில்லை. அந்த வருடம் சென்னைக்குக் கிடைத்த பெரிய நல்ல செய்தி அதுதான்.

2018 கோப்பை வேறு மாதிரி. அது லெந்து காலம். பெங்களூருவில் மார்ச் 17 அன்று எதிரணியின் சுனில் சேத்ரி முதல் கோலை அடித்தும், மெயில்சன் ஆல்வெஸ் தலையால் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று திருப்பிக் கொடுத்து மறுபடியும் 3-2. ஆனால் என் மனம் எப்போதும் போய் நிற்பது அதற்கு நான்கு நாள் முன்னால், நேரு ஸ்டேடியத்தில் நடந்த அரையிறுதியில். ஜேஜே இரண்டு கோல், தனபால் கணேஷ் ஒரு கோல். கணேஷ் வியாசர்பாடிப் பையன்! வியாசர்பாடியில் 1997இலிருந்து உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு நண்பர்கள் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்து, கூடவே பள்ளிக்கூடப் பாடமும் கொடுத்து வருகிறார்கள். அந்தத் தெருக்களிலிருந்து எழுந்து வந்து ஒருவர் சென்னைக்காகச் சென்னையில் கோல் அடிக்கிறார். என் பக்கத்தில் நின்ற குப்பத்துப் பையன், “அக்கா, அவரு நம்மள மாதிரியாக்கா?” என்று கேட்டான். நம்மள மாதிரியேதான்டா என்றேன். அதற்கு மேல் பேச எனக்குக் குரல் வரவில்லை.

ஜேஜே லால்பெக்லுவாவைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். மிசோரம்காரர். அங்கே சண்டே ஸ்கூல் குழந்தைகளுக்கு மட்டுமானதல்ல. தாத்தா பாட்டிகள்கூடப் பைபிளோடு வகுப்புக்கு வந்து உட்காருவார்கள். “அப்போ எங்க ஆயாவும் வரலாமாக்கா?” என்று ஒரு பெண் கேட்டாள். அடுத்த வாரம் ஆயா வந்தார். இன்றும் வருகிறார்.

எங்கள் வீட்டில் மஞ்சளும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் கணவர் கன்னியாகுமரி மாவட்டம். கேரளா பிளாஸ்டர்ஸ் என்றால் உயிர். பிளாஸ்டர்ஸ் சென்னைக்கு வரும் நாளில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு ஜெபத்தைக் கேட்க வேண்டும். இரண்டு அணிக்கும் காயம் வரக் கூடாது என்று அவர் வேண்டுவார். மகன் நடுவில் புகுந்து நீலத்துக்கு ஜெயம் கேட்பான். அப்பா பெரிதாக ஆமென் போடுவார். தன் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையைப் பற்றிக் கணவர் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக மீனவ ஊர்கள். ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் அங்கே மணலில் ஆடி வளர்ந்த அண்ணன் தம்பிகள்தாம். சண்டைக்கு நடுவில்கூட இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. கோயிலும் பந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள்.

அது குமரிக்கரைக்கு மட்டும் உரிய சமாச்சாரமல்ல. 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்து, தடுமாறிக்கொண்டிருந்த சென்னையை அந்த சீசனின் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனாரே, அவர் முன்பு இங்கிலாந்தின் போல்ட்டன் வாண்டரர்ஸுக்கு ஆடியவர், பிறகு அதன் மேனேஜராகவும் இருந்தவர். அந்த கிளப் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1874இல், கிறைஸ்ட் சர்ச் சண்டே ஸ்கூல் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது! இதைப் படித்த அன்றைக்கு நான் தூங்கவே இல்லை. சர்ச் இடத்தைப் பயன்படுத்துவதில் குருவானவரோடு தகராறு வந்து, 1877இல் பிள்ளைகள் வெளியேறிப் பெயரை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் கமிட்டிக் கூட்டத்தில் நான் இந்தக் கதையை முழுசாக எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். கேட்டைப் பூட்டினால் பிள்ளைகள் ஆடுவதை நிறுத்த மாட்டார்கள், வேறிடம் போய் ஆடுவார்கள். நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கி நூறு வருடம் தாண்டிவிட்டது. ஜெபமும் விளையாட்டும் சேர்ந்து போவது இந்த ஊருக்குப் புதுப் பாடமே அல்ல. கிளாஸ்கோவில் 1887இல் செல்டிக்கைத் தொடங்கியவரும் பிரதர் வால்ஃப்ரிட் என்ற துறவிதான். அவர் பந்தாட்டம் நடத்தியது ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போடப் பணம் சேர்க்க. சோறும் பந்தும் ஜெபமும் ஒரே வாசலில்! அவரை நினைத்தாலே எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

கோய்லைப் பற்றி இன்னொன்று. 2012 மார்ச் 17, டோட்டன்ஹாமோடு ஆட்டம். போல்ட்டனின் ஃபேப்ரிஸ் முவாம்பா, 23 வயது, திடீரென மைதானத்தில் சரிந்தார். அவர் இதயம் 78 நிமிடம் தானாகத் துடிக்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஓர் இதய மருத்துவர் இறங்கி ஓடிவந்தார். ஆட்டம் நின்றது. எதிரணி ரசிகர்களும் சேர்ந்து முவாம்பாவின் பெயரைப் பாடினார்கள். மருத்துவமனைக்கு அவரோடு போனவர்களில் மேனேஜர் கோய்லும் ஒருவர். முவாம்பா பிழைத்தார். எங்கள் வகுப்பில் ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது முவாம்பாவைச் சொல்லாமல் நான் முடிப்பதில்லை. ஓடிவந்த மருத்துவரையும் சேர்த்தே சொல்வேன். கை கூப்புகிற நேரத்தில் ஓடிவரக் காலும் வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

2025 ஜூலையில், லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் நின்றதால், ஐ.எஸ்.எல். தள்ளிவைக்கப்பட்டது. எங்கள் வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் ஜெப விண்ணப்பம் சொல்லும் நேரம். பாட்டிக்கு முட்டி வலி, அப்பாவுக்கு வேலை, கணக்குப் பரீட்சை என்று வரும் பட்டியலில் அந்த மாதங்களில் ஒவ்வொரு வாரமும் “லீக் ஆரம்பிக்கணும்” வந்தது. எல்லாவற்றையும் போர்டில் எழுதி, எல்லாவற்றுக்கும் ஒரே அக்கறையோடு ஜெபித்தோம். பிள்ளைகளின் அக்கறையில் சின்னது பெரியது என்று நான் பிரிப்பதில்லை.

பார்க்க ஆட்டமில்லாத அந்த நாட்களில்தான் அவர்கள் சொந்தமாக ஒரு டீம் ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் காம்பவுண்டு கேட்டின் சாவியை ஆயர் ஐயா தாமே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மணல் இறுகி ஓடத் தோதாக இருக்கும் நாளில் கடற்கரைக்குப் போய்விடுவோம். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து விசில் ஊதுவார். பையன்களுக்கு முன்னால் பெண்பிள்ளைகள்தான் பெயர் கொடுத்தார்கள். ஆஃப்சைட் விளக்கியவள்தான் கேப்டன். ஜெர்சி முழுவதையும் தானே வாங்கித் தருவதாக என் கணவர் முன்வந்தார், மஞ்சள் நிறமாக இருந்தால். கேப்டன் மரியாதையாக எழுந்து நின்று, “வேணாம் அங்கிள்” என்றாள். உண்டியல் காசைக் கொட்டி எண்ணி நீலத்துக்கே ஆர்டர் கொடுத்தோம். பணம் பற்றாமல் போன பாக்கியை யாரோ கடையில் போய்க் கட்டிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். யார் என்று வீட்டில் நான் இன்னும் கேட்கவில்லை.