சிவப்பு மையும் இடம் மாறிய இரத்தக்குழாயும்: லூ சுன்னின் 'புஜினோ ஆசிரியர்' கட்டுரையில் அயல்நாட்டு மாணவரின் பண்பாட்டு அனுபவம்

ஆய்வுச்சுருக்கம்

சீன எழுத்தாளர் லூ சுன் 1926ஆம் ஆண்டில் எழுதிய 'புஜினோ ஆசிரியர்' என்னும் நினைவுக்கட்டுரை, ஜப்பானின் செண்டாய் நகரில் அவர் மருத்துவம் பயின்ற காலத்தைப் பற்றியது. நன்றியுணர்வின் பதிவாகவும், மருத்துவத்தைக் கைவிட்டு இலக்கியத்துக்கு வந்த மனமாற்றத்தின் ஆவணமாகவும் இக்கட்டுரை வாசிக்கப்பட்டு வருகிறது. அயல்நாட்டு மாணவரை மதிப்பிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்னும் வினாவே இதன் மையம் என்பதையும், பிற சான்றுகளோடு இது முரண்படும் இடங்களை ஆசிரியரின் புனைவுத் தேர்வுகளாகக் கொள்வதே பொருத்தம் என்பதையும் இவ்வாய்வு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: லூ சுன், புஜினோ, செண்டாய், தன்வரலாறு, அயல்நாட்டுக் கல்வி, நினைவும் சான்றும்

முன்னுரை

அயல்நாட்டில் பயிலும் மாணவரின் பண்பாட்டு அனுபவத்தைக் கூறும் தன்வரலாற்று எழுத்துகள், ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரே வரிசைக்குள் அடக்கப்படுகின்றன. அதிர்ச்சி, தனிமை, பழகுதல், தன்னடையாளத்துக்குத் திரும்புதல் என்பது அவ்வரிசை. இது கையாள எளியது. எனினும் இரண்டு வினாக்களை எழுப்பாமலே விட்டுவிடுகிறது. 'உள்ளூர்ப் பண்பாடு' என மாணவர் உண்மையில் எதிர்கொள்வது எது? பல்லாண்டு கழித்து எழுதப்படும் நினைவை அவ்வனுபவத்தின் சான்றாக எந்த அளவுக்குக் கொள்ளலாம்?

இவ்வினாக்களுக்கு விடைகாண ஏற்ற பனுவல் 'புஜினோ ஆசிரியர்'. ஈழத்து எழுத்தாளர் கே. கணேஷ் முதலியோரின் மொழிபெயர்ப்புகள் வழியாகத் தமிழில் லூ சுன் சிறுகதையாசிரியராக அறியப்பட்டவர். அவருடைய நினைவுக்கட்டுரைகள் அந்த அளவுக்கு இங்குக் கவனம் பெறவில்லை.

சௌ ஷூரென் என்னும் இயற்பெயர் கொண்ட லூ சுன், சிங் அரசின் உதவித்தொகையில் 1902இல் டோக்கியோ சென்றார். அங்குக் கோபுன் நிறுவனத்தில் ஜப்பானிய மொழி பயின்றபின், 1904 செப்டம்பரில் செண்டாய் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1906 மார்ச்சில் படிப்பைக் கைவிட்டார். அவர் செண்டாய்க்கு வந்தபோது ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஷியாமென் நகரிலிருந்து எழுதிய இக்கட்டுரை, 1928இல் வெளிவந்த 'காலை மலர்களை மாலையில் கொய்தல்' என்னும் தொகுப்பில் இடம்பெற்றது.

தன்னவரிடமிருந்து விலகுதல்

கட்டுரை டோக்கியோவில் தொடங்குகிறது. ஆனால் அதன் முதற்பகுதியில் ஜப்பானியர் எவரும் முதன்மை பெறுவதில்லை. உயேனோ பூங்காவின் செர்ரி மலர்களுக்கிடையே நீண்ட சடையைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்து, தலைமேல் ஒரு பூஜி மலையைச் சுமந்து திரியும் சீன மாணவர்களே காட்டப்படுகின்றனர். சீன மாணவர் மன்றத்தில் தரை அதிர நடனம் பயில்வோரும் அவர்களே. கதைசொல்லி விலகிச் செல்வது அயலவரிடமிருந்து அன்று, தன்னவரிடமிருந்தே என்பது நோக்கத்தக்கது. செண்டாய்க்குச் செல்லும் வழியில் அவர் நினைவில் தங்கும் ஊர்களுள் ஒன்று மித்தோ. மிங் அரசின் வீழ்ச்சிக்குப் பின் ஜப்பானில் தஞ்சம் புகுந்த சீன அறிஞர் ஜூ ஷுன்ஷுயியோடு தொடர்புடைய ஊர் அது. மஞ்சு ஆட்சியின் அடையாளமான சடையை எள்ளிய பின் இப்பெயரைக் குறிப்பிடுவதால், அயல்நாட்டுப் பயணம் சொந்த நாட்டின் அரசியல் வரலாற்றோடு இணைக்கப்படுகிறது.

செண்டாயில் கிடைத்த வரவேற்பை லூ சுன் ஓர் உவமையால் விளக்குகிறார். வடநாட்டில் மலிவான முட்டைக்கோசு தென்னாட்டுப் பழக்கடையில் செந்நூல் கட்டித் தொங்கவிடப்பட்டுப் புதுப்பெயர் பெறுகிறது; தென்னாட்டுக் காட்டுக் கற்றாழை வடநாட்டுக் கண்ணாடி மனையில் அரிய செடியாகிறது. பள்ளி தன்னிடம் கட்டணம் பெறாமைக்கும் காரணம் இந்த அருமைப்பாடே என்கிறார். உபசரிப்பை மறுக்காமலே அதன் காரணத்தைத் தன் தகுதியிலிருந்து பிரித்துவிடும் எள்ளல் இது.

உறைவிடம் பற்றிய பகுதி இதனை மேலும் தெளிவாக்குகிறது. அவருடைய முதல் விடுதி சிறைக் கைதிகளுக்கும் உணவு சமைத்தது. அங்கு உண்பது அவருக்குத் தகாது எனப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்தினார். உணவில் குறைகாணாத லூ சுன், அந்த நல்லெண்ணத்தை மீற முடியாமல் வேறு விடுதிக்கு மாறி, விழுங்க முடியாத சேம்பந்தண்டுச் சாற்றை நாள்தோறும் குடிக்க வேண்டியதாயிற்று. விருந்தினருக்கு எது தகும் என்பதை விருந்தளிப்பவரே முடிவு செய்கிறார். அன்பும் அதிகாரமும் ஒரே செயலில் கலந்து வருவதைக் கட்டுரை முதன்முதலாகக் காட்டும் இடம் இது. பின்னர் வரும் குறிப்பேட்டு நிகழ்ச்சிக்கு இதுவே முன்னோட்டம் எனலாம்.

சிவப்பு மை

உடற்கூற்றியல் ஆசிரியர் புஜினோ கென்குரோ, உடையில் கவனமற்றவராக, பழைய மேலங்கி காரணமாக இரயிலில் திருடன் என ஐயுறப்பட்டவராக, பழைய மாணவர்களின் நகைப்புக்கு உரியவராக அறிமுகமாகிறார். உள்ளூர்ச் சமூகத்தின் முழுமையான பிரதிநிதியாக அன்றி, அதன் விளிம்பில் நிற்பவராகவே அவரைக் கட்டுரை வரைகிறது. அவர் லூ சுன்னின் விரிவுரைக் குறிப்புகளை வாங்கி, விடுபட்டவற்றைச் சேர்த்து, இலக்கணப் பிழைகள் உட்படத் தொடக்கம் முதல் இறுதிவரை சிவப்பு மையால் திருத்தித் தருகிறார். அவர் கற்பித்த பாடங்கள் முடியும்வரை இது தொடர்கிறது.

ஒருமுறை முன்கையின் இரத்தக்குழாயை லூ சுன் சற்றே இடம் மாற்றி வரைந்திருந்தார். படம் அழகாக இருப்பினும் உடற்கூற்றுப் படம் ஓவியமாகாது, உள்ள பொருளை நாம் மாற்ற இயலாது என ஆசிரியர் கனிவுடன் உணர்த்துகிறார். மாணவர் வெளியே உடன்பட்டு, தன் படமே நன்று என உள்ளுக்குள் எண்ணிக்கொள்கிறார். மருத்துவ மாணவருக்குள் இருந்த கலைஞரை இந்நிகழ்ச்சி காட்டுவதாகக் கொள்வர். அத்துடன், உள்ளதை உள்ளவாறு வரைதல், அழகுக்காக இடம் மாற்றுதல் என்னும் இரு அளவுகோல்களையும் பனுவல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பதையும் கருத வேண்டும்.

புஜினோவின் அன்பும் ஐயங்களிலிருந்து விடுபட்டதன்று. சீனர் ஆவிகளை மதிப்பவர் என்பதால் பிணஅறுவைக்கு மறுப்பாரோ என அவர் கவலை கொண்டிருந்தார். சீனப் பெண்களின் கட்டப்பட்ட பாதங்களில் எலும்பு எவ்வாறு உருமாறுகிறது என்றும் அவர் கேட்டார். அக்கேள்வி மாணவருக்குச் சங்கடம் தந்தது. கேட்டவரிடம் இழிவுபடுத்தும் நோக்கமில்லை. இருப்பினும் அந்தக் கணத்தில் மாணவர் தன் நாட்டைப் பற்றிய தகவலாளராக மாற்றப்படுகிறார்.

ஒரே மை, இரு வாசிப்புகள்

ஆண்டுத் தேர்வில் லூ சுன் நடுநிலை இடம் பெற்றார். புஜினோ குறிப்பேட்டில் அடையாளமிட்டுத் தேர்வு வினாக்களை முன்கூட்டியே வெளியிட்டார் என்னும் ஐயம் உடன்பயில்வோரிடையே எழுந்தது. மாணவர் சங்கத்தினர் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துச் சென்றனர். மனந்திரும்பச் சொல்லும் பெயரற்ற கடிதம் ஒன்றும் வந்தது. வலிமை குன்றிய நாட்டைச் சேர்ந்தவர் அறுபதுக்கு மேல் மதிப்பெண் பெற்றால் அது அவருடைய திறனாக இருக்க முடியாது என்று கருதப்படுவதை லூ சுன் கசப்புடன் சுட்டுகிறார்.

இங்குப் பள்ளியின் ஆவணம் துணை செய்கிறது. 142 மாணவருள் லூ சுன் பெற்றது 68ஆம் இடம். உடற்கூற்றியலில் அவர் பெற்ற மதிப்பெண் 59.3, தேர்ச்சிக்குரிய அறுபதை எட்டாத மதிப்பெண் அது. எந்தப் பாடத்தில் சலுகை பெற்றதாக அவர்மீது பழி சுமத்தப்பட்டதோ, அதே பாடத்தில் அவர் தோற்றிருந்தார். தன்மீதான பழியை எளிதில் தகர்க்கும் இவ்வெண்ணைக் கட்டுரை குறிப்பிடவில்லை. அதனைக் குறிப்பிட்டிருந்தால் வாதம் தனிமனிதரின் குற்றமின்மையோடு முடிந்திருக்கும். குறிப்பிடாமையால், தோற்றம் கண்டு தகுதியை அளக்கும் மனப்பாங்கே விசாரணைக்கு உள்ளாகிறது.

ஆசிரியருக்குக் கடமையாகத் தோன்றிய சிவப்பு மை, சக மாணவருக்குச் சதியின் தடயமாகத் தோன்றியது. இரண்டும் ஒரே ஊரின், ஒரே வகுப்பறையின் வாசிப்புகள். ஆதலின் 'ஜப்பானியப் பண்பாடு அவரை ஏற்றது' என்றோ 'புறக்கணித்தது' என்றோ கூறும் முடிவுகள் இப்பனுவலுக்குப் பொருந்துவதில்லை. அயல்நாட்டு மாணவர் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொள்ளும் உரிமையை இழந்து நிற்பதே இவ்விரு வாசிப்புகளுக்கும் பொதுவானது.

இடம் மாறிய காட்சிகள்

பெரிதும் பேசப்படுவது ஒளிப்படத் தகட்டு நிகழ்ச்சி. நுண்ணுயிரியல் வகுப்பில் எஞ்சிய நேரத்தில் போர்க்காட்சிகள் திரையிடப்பட்டன. ரஷ்யருக்கு ஒற்றனாக இருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சீனர் ஒருவர் கொல்லப்படுவதும், அதனைச் சீனர்களே சூழ்ந்து நின்று பார்ப்பதும் அவற்றுள் ஒன்று. வகுப்பு ஆரவாரிக்க, லூ சுன் மருத்துவத்தைக் கைவிட எண்ணுகிறார்.

1922 டிசம்பரில் தம் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையிலும் அவர் இதே நிகழ்ச்சியைக் கூறுகிறார். அங்கு ஒற்றன் தலை வெட்டப்பட இருக்கிறான். 1926இன் கட்டுரையில் சுடப்பட இருக்கிறான். 1965இல் பள்ளியின் வழிவந்த தோஹொகு பல்கலைக்கழகத்தில் அக்காலப் போர்க்காட்சித் தகடுகள் பதினைந்து கண்டெடுக்கப்பட்டன. இருபது கொண்ட அவ்வரிசையில் கிடைத்தவற்றுள் இக்காட்சி இல்லை. செண்டாயில் தம்மைத் தவிரச் சீன மாணவர் இல்லை எனக் கட்டுரை உணர்த்துகிறது. அதே காலத்தில் அந்நகரின் உயர்நிலைக் கல்லூரியில் ஷி லின் என்னும் சீன மாணவரும் பயின்றார். ஆசிரியர் திருத்திய குறிப்பேடுகள் இடமாற்றத்தில் தொலைந்தன எனக் கட்டுரை வருந்துகிறது. அவை 1951இல் ஷாவோஷிங்கில் கிடைத்து இன்று பெய்ஜிங் லூ சுன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இவை அனைத்தும் ஒரே தன்மையின அல்ல. குறிப்பேடு தொலைந்ததாக நம்பியது அறியாமை. ஷி லின்னைத் தவிர்த்தது தேர்வு. தலைவெட்டு துப்பாக்கிச் சூடாக மாறியதற்கு மறதியும் காரணமாகலாம். எனினும் தனிமையைக் கூர்மையாக்கும் திசையில் பனுவல் ஒழுங்கமைக்கப்பட்டிருப்பது தெளிவு. தகட்டில் பார்வையாளர்களாகச் சீனர்கள். வகுப்பறையில் பார்வையாளராக ஒரே ஒரு சீனர். இந்த எதிர்வு அமைய வேண்டுமெனில் நகரில் இரண்டாவது சீனர் இருத்தலாகாது. இரத்தக்குழாயை இடம் மாற்றி வரைந்த மாணவரே இங்கும் எழுதுகிறார். இதனைப் பொய்மை எனத் தள்ளுவதும், வரலாற்று ஆவணம் என அப்படியே ஏற்பதும் பனுவலின் இயல்புக்கு மாறானவை.

ஆசிரியரின் நினைவு

பிரியும்போது புஜினோ, பிரிவுக்கு வருந்துவதைச் சுட்டும் இரு எழுத்துகளைத் தம் ஒளிப்படத்தின் பின்புறம் எழுதித் தந்தார். அவ்வொளிப்படம் பெய்ஜிங் வீட்டில் தம் மேசைக்கு எதிர்ச்சுவரில் தொங்கியதாக லூ சுன் குறிப்பிடுகிறார். லூ சுன் 1936இல் மறைந்தபின், ஊர்ப்புற மருத்துவராக வாழ்ந்த புஜினோ 1937இல் தம் நினைவை எழுதினார். இளமையில் சீனச் செவ்வியல் நூல்களைப் பயின்றதால் அந்நாட்டவரிடம் மதிப்புக் கொண்டிருந்ததை அதில் சொல்கிறார். தம் சிறு உதவி இத்துணைப் போற்றப்பட்டது குறித்து வியக்கிறார். ஒளிப்படத்தை எப்போது தந்தோம் என்பது அவருக்கு நினைவில்லை.

ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுமந்ததை மற்றவர் மறந்திருக்கிறார். இதில் குறை யாருக்குமில்லை. உதவுபவருக்கு அது வேலைநாள்களுள் ஒன்று. அயலில் தனித்திருப்பவருக்கு அதுவே அந்நாட்டின் முகம். இவ்விரு பனுவல்களையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் இந்த ஏற்றத்தாழ்வு புலனாகிறது. சீனப் பாடநூல்களில் இடம்பெற்ற இக்கட்டுரையையும், 1945இல் தசாய் ஒசாமு இதனைத் தழுவிப் படைத்த 'பிரிவுத்துயர்' என்னும் புதினத்தையும் இரு நாட்டு நட்பின் சின்னங்களாக மட்டும் காண்போர் இதைத் தவறவிடுகின்றனர். அப்புதினம் போர்க்கால ஜப்பானிய அரசின் ஆதரவில் எழுதப்பட்டது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

முடிவுரை

'புஜினோ ஆசிரியர்' கட்டுரையில் உள்ளூர்ப் பண்பாடு ஒரு முழுமையாக எங்கும் வருவதில்லை. விடுதி மாற்றச் சொன்னவர், குறிப்பேட்டைத் திருத்தியவர், அதனைச் சோதித்தவர்கள், திரையின் முன் ஆரவாரித்தவர்கள் எனத் தனித்தனி மனிதர்களின் தீர்ப்புகளாகவே அது மாணவரை வந்தடைகிறது. அத்தீர்ப்புகளுக்கு உட்பட்டிருந்தவர், இருபது ஆண்டு கழித்து, எவரை நினைவில் நிறுத்துவது என்னும் தீர்ப்பைத் தாமே வழங்குகிறார். இழந்த உரிமையை எழுத்தின் வழி மீட்கும் செயல் அது.

தமிழில் அயல்நாட்டுக் கல்வி அனுபவங்களைக் கூறும் தன்வரலாறுகளையும் பயண எழுத்துகளையும் ஆராய்வோர், பள்ளி ஆவணம், எதிர்த்தரப்பின் நினைவு, அதே ஆசிரியரின் வேறு பதிவு ஆகியவற்றோடு அவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும். முரண்பாடு கண்டவிடத்துப் பிழை என முத்திரையிட்டு நகராமல், அம்மாற்றம் பனுவலில் என்ன பணி செய்கிறது என வினவுவதே பயன் தரும்.