உத்தரவு இல்லாத இடத்தில் நிர்வாகச் சட்டம்

1950 ஜனவரிக்கு முன்பு ராயபுரத்தில் குடியிருந்தவருக்கும் திருவொற்றியூரில் குடியிருந்தவருக்கும் சட்டத்தில் ஒரு வேறுபாடு இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பேராணை பெரும்பாலும் நகர எல்லைக்குள் மட்டுமே செல்லும். அதிகாரி வரம்பு மீறிவிட்டார் என்று ராயபுரத்துக்காரர் ரிட் போடலாம். தண்டையார்பேட்டையைத் தாண்டி வடக்கே போய்விட்டால் அந்த வழி கிடையாது. திருவொற்றியூர்க்காரரும் எண்ணூர்க்காரரும் கலெக்டருக்கு மனு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். 1943-இல் பர்லாகிமிடி ஜமீன் குடியானவர்களின் வழக்கில், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இந்த எல்லையை இன்னும் இறுக்கியது. வருவாய் வாரியத்தின் அலுவலகம் சென்னை நகருக்குள்ளேயே இருந்தாலும், தகராறு கஞ்சம் மாவட்டத்து நிலத்தைப் பற்றியது, ஆகவே சென்னை உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்றது.

அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு அந்த எல்லைக் கோட்டை அழித்தது. ஆனால் டில்லிக் கோடு மிச்சமிருந்தது. 1953-இல் சாகா வெங்கட ராவ் வழக்கில், தேர்தல் ஆணையம் இருப்பது டில்லியில், அதற்குச் சென்னை நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குக்கான காரணம் எந்த மாநிலத்தில் எழுந்ததோ அங்குள்ள உயர் நீதிமன்றமே டில்லி அலுவலகத்தையும் கேள்வி கேட்கலாம் என்று ஆனது 1963-இல், 15-ஆவது திருத்தத்துக்குப் பிறகு. துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் டில்லியின் அனுமதிக் கடிதத்தை எதிர்பார்க்கும் வடசென்னை வட்டாரத்தில் இந்தத் திருத்தத்தின் அருமை அதிகம். நம் பாடப்புத்தகங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

இவ்வகைக் கட்டுரைகள் வழக்கமாக ஆங்கிலச் சட்ட அறிஞர் டைசியில் தொடங்கும். அரசுக்கென்று தனி நீதிமன்றம் வைத்துக்கொண்டது பிரெஞ்சு மரபு. அமைச்சரானாலும் சாமானியரானாலும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டும் என்பது டைசி 1885-இல் பெருமையோடு எழுதிய ஆங்கில மரபு. நாம் ஆங்கில வழியில் தொடங்கினோம். 1976-இன் 42-ஆவது திருத்தத்தோடு தீர்ப்பாயங்களின் பக்கம் சாய்ந்தோம். 1997-இல் சந்திரகுமார் வழக்கில் அத்தீர்ப்பாயங்களை மீண்டும் உயர் நீதிமன்றத்தின் பார்வைக்குக் கீழே கொண்டுவந்தோம். இந்த விவாதத்துக்கு இவ்வளவு போதும்.

நிர்வாக முடிவை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் சிந்தனைப் பள்ளிகள் உண்மையில் பிரிகின்றன. ஆங்கிலப் பள்ளியின் அளவுகோல் 1947-இன் வெட்னஸ்பரி வழக்கு. ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களை விடக்கூடாது என்று ஒரு நகராட்சி போட்ட நிபந்தனை பற்றியது. புத்தியுள்ள எந்த நிர்வாகமும் எடுக்கத் துணியாத முடிவாக இருந்தால் மட்டுமே நீதிமன்றம் கை வைக்கும் என்றது அது. அதிகாரிகளுக்கு மிகவும் சௌகரியமான அளவுகோல்.

சென்னையிலிருந்து கிளம்பிய பள்ளி அதைவிடக் கண்டிப்பானது. 1950-இல் மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தைச் சென்னை மாநில அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன் செயலாளராக இருந்த வழக்கறிஞர் வி.ஜி. ராவ் வழக்குத் தொடுத்து வென்றார். அரசு மேல்முறையீடு செய்தது. 1952-இல் உச்ச நீதிமன்றத்திலும் அவரே வென்றார். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. கட்டுப்பாடு நியாயமானதா என்று பார்க்கும்போது பறிபோகும் உரிமை எது, அரசு தடுக்க நினைக்கும் தீமை எவ்வளவு அவசரமானது, போட்ட கட்டுப்பாடு அதற்குப் பொருத்தமான அளவில் இருக்கிறதா, பாதிக்கப்படுபவர் தன் பக்கத்தைச் சொல்ல வழி உண்டா என்றெல்லாம் கேட்கச் சொன்னார். பல பத்தாண்டுகள் கழித்து விகிதாசாரக் கோட்பாடு என்று ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானதாக நாம் பேசும் சரக்கில் பாதி அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

இதே பள்ளியின் இரண்டாவது வழக்கு ராயப்பாவுடையது. தமிழ்நாடு தலைமைச் செயலாளர் ஈ.பி. ராயப்பா தன் இடமாற்றத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போய்த் தோற்றார். தோற்ற வழக்கில்தான் நீதிபதி பகவதி, தான்தோன்றித்தனமும் சமத்துவமும் ஒரே இடத்தில் குடியிருக்க முடியாது என்ற கருத்தை 14-ஆவது பிரிவுக்குள் நட்டார். 1973-இன் கடைசியில் வந்த அந்தத் தீர்ப்பை இன்று டெண்டர் தகராறு முதல் ரேஷன் கடை உரிமம் வரை எல்லா மனுக்களிலும் பார்க்கலாம். ராயப்பாவுக்குக் கிடைக்காத நிவாரணம் அவர் பெயரைச் சொல்லி ஆயிரம் பேருக்குக் கிடைத்தது.

1996 மூன்றாவது பள்ளியின் ஆண்டு. அதற்கும் தமிழ்நாடே களம். வேலூர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வழக்கில் முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்திய நிர்வாகச் சட்டத்துக்குள் நுழைந்தன. அதே ஆண்டு டிசம்பரில், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த இறால் பண்ணை வழக்கு, கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைக்குப் பல்லைக் கொடுத்தது.

இந்த மூன்று பள்ளிகளையும் எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனால் ஒரு சங்கடம் தெரியும். மூன்றுமே பெரும்பாலும் ஓர் உத்தரவை எதிரே வைத்துக்கொண்டு பேசுகின்றன. ஜி.ஓ. ஒன்று இருக்கும், தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும். அதை ரத்து செய்யலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. அங்கே கடலில் சேரும் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்ததற்கு உத்தரவு எதுவும் கிடையாது. வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பல் குட்டைக்குப் போகும் குழாய்கள் வெடித்து ஒழுகின, அவ்வளவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருந்தது, அதில் நிபந்தனைகளும் இருந்தன. ஒழுகலுக்கு யாரும் அனுமதி தரவில்லை, யாரும் நிறுத்தவும் இல்லை. 2016-இல் எண்ணூர் மீனவர் ஒருவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனார். சீரமைப்புக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கிய தீர்ப்பு வர 2022 ஜூலை ஆகிவிட்டது.

எண்ணூரின் கடலோர வரைபடத்தின் கதையும் இந்த வகைதான். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில் எண்ணூர் முகத்துவாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பின்னாளில் அலுவலகங்களில் புழங்கிய படத்தில் அதைக் காணவில்லை என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களை வைத்துக்கொண்டு 2017-இல் மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். படத்தை மாற்றி உத்தரவு போட்டிருந்தால் அதை எதிர்த்து வழக்குப் போடலாம். உத்தரவே போடாமல் படம் மட்டும் மாறினால் எதை எதிர்ப்பது?

உத்தரவு இருந்த ஒரு வழக்கையும் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசியும் இரும்புத்தாதுத் தூசியும் சுற்றியுள்ள வடசென்னைத் தெருக்களில் பல காலம் படிந்தன. 2011 மே மாதம் உயர் நீதிமன்றம், அக்டோபர் 1 முதல் இந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாது, எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. ராயபுரத்து மாடிகளுக்கு அது நல்ல தீர்ப்பு. முன்னெச்சரிக்கைப் பள்ளியின் கணக்கில் முழு மதிப்பெண் தரலாம். ஆனால் எண்ணூர் அப்போதே அனல்மின் நிலையங்களின் நிலக்கரியை ஏற்றுக்கொண்டிருந்த ஊர். ஒரு கரையின் தூசியை இன்னொரு கரைக்கு அனுப்பும்போது அந்தக் கரைக்காரரையும் கேட்பது இயற்கை நீதியில் சேராதா? வாதி, பிரதிவாதி என்ற இரண்டு நாற்காலிகளோடு அமையும் வழக்கில் மூன்றாவது ஊருக்கு இடம் கிடைப்பதில்லை. நம் நிர்வாகச் சட்டத்தின் மிகப் பெரிய பலவீனம் இதுவே என்பது என் கருத்து. நண்பர்கள் சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சும்மா இருக்கும் அலுவலகத்தை அசைக்கும் பள்ளியும் நம்மிடம் உண்டு, அதிகம் கொண்டாடப்படாமல். 1980-இல் ரத்லம் நகராட்சி, சாக்கடை கட்டப் பணமில்லை என்றது. பணமில்லை என்பது சட்டக் கடமைக்குப் பதில் ஆகாது என்றார் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர். 2021-இல் அங்கிதா சின்ஹா வழக்கில், பசுமைத் தீர்ப்பாயம் யாரும் மனுப் போடாமலே தானாக விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அந்த அதிகாரம் இரண்டே ஆண்டுகளில் இங்கே தேவைப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் ஆற்றிலும் வலையிலும் படகிலும் ஒட்டியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். இரண்டையும் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொண்டது. குழு போட்டார்கள், அறிக்கைகள் வந்தன, இழப்பீடு பேசப்பட்டது. நடந்த பிறகு விசாரிக்கும் திறமை நமக்கு நன்றாகவே வளர்ந்துவிட்டது.

நடப்பதற்கு முன் கேட்பதற்கும் ஏற்பாடு இருக்கிறது. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும், திட்டச் சுருக்கம் தமிழில் வேண்டும், கூட்டக் குறிப்பை முடிவில் எல்லோர் முன்னும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியில் நடக்கவிருந்த கூட்டம் தள்ளிப்போனபோது, இந்தப் பகுதியில் சட்டம் படிக்காதவர்கள்கூட அறிவிக்கையின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

அதே அறிவிக்கையில் அதிகம் பேசப்படாத இன்னொரு பத்தி உண்டு. அனுமதி பெற்ற நிறுவனம் நிபந்தனைகளை எப்படிக் கடைப்பிடித்தது என்று ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் ஆண்டுக்கு இருமுறை அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை பொது ஆவணம். அனுமதிக்கு முன் ஒரு நாள் தமிழில் படித்துக் காட்டும் வழக்கத்தை, அனுமதிக்குப் பின் இந்த இரண்டு தேதிகளுக்கும் நீட்டினால் என்ன? திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்தக் குழாய் எப்போது மாற்றப்பட்டது என்று நிறுவனத்தார் படிக்கட்டும். அப்படிப் படிக்கத் தவறினால், உத்தரவு இல்லையே என்று கையைப் பிசைய வேண்டியதில்லை. தவறிய கடமையும் தேதியும் மனுவிலேயே இருக்கும், கடமையைச் செய்யச் சொல்லும் மாண்டமஸ் பேராணை கேட்கலாம். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சேர்த்துவிடலாம்.