யாழ்ப்பாணத்துக் கரியரும் சென்னை ஹெல்மெட்டும்

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் ஒரு பெடியனிடம் "நீ சைக்கிள் வீரனோ?" என்று கேட்டால் சிரிப்பான். காலை ஆறு மணிக்கு ரியூசன். ஏழரைக்குப் பள்ளிக்கூடம். ஒன்றரைக்கு மணி அடித்ததும் வீட்டில் ஒரு பிடி சோறு, பிறகு மறுபடி ரியூசன், பொழுதுபட வேறொரு சந்தியில் வேறொரு வாத்தியார். இதற்கிடையில் அவன் உழக்கித் தள்ளுவது நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது கிலோமீற்றர் வரும். அதைப் பயிற்சி என்று அவன் சொல்வதில்லை. சென்னையில் ஒரு கல்லூரி மாணவன் அதே இருபது கிலோமீற்றர் ஓட வேண்டுமென்றால் நாலரைக்கு அலாரம் வைக்க வேண்டும், ஹெல்மெட் மாட்ட வேண்டும், கைபேசியில் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியைத் தட்டிவிட வேண்டும். ஓடி முடித்து, வீடு திரும்பிக் குளித்து, கல்லூரிக்குப் போவது மோட்டார் சைக்கிளிலோ மின்சார ரயிலிலோதான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சைக்கிள் அன்றாடத்தில் கரைந்திருக்கிறது. சென்னைப் பிள்ளைக்கு அது அன்றாடத்திலிருந்து தப்பிக்கும் வழி. இரண்டில் எது மேல் என்று சொல்லுவதற்கு முன் இந்த நிலை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சுண்ணாம்புக்கல் தரையில் ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கின்றன. கோண்டாவிலிலிருந்து நல்லூருக்குப் போக பஸ்ஸைப் பார்த்து நிற்பதைவிட உழக்கிப் போவது சுருக்கு. றலியும் ஹம்பரும் வைத்திருந்த தாத்தாமார் அவற்றை விற்காமல் பேரனுக்கு விட்டுப்போனார்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் வராமல் போனபோது சைக்கிளே லொறி ஆகியது, அம்புலன்ஸ் ஆகியது. மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, தைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறைதான் இப்போது பிள்ளைகளை ரியூசனுக்கு அனுப்புகிறது. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் வரிசையில் நின்றபோது கொழும்பில் சைக்கிள் தேடி அலைந்தார்கள், கடைகளில் விலை எகிறியது. யாழ்ப்பாணத்தவர் கோடிப்புறத்தில் கிடந்த லுமாலாச் சைக்கிளை எடுத்துத் துடைத்துவிட்டு ஏறிப் போனார்கள்.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு வேறு வரலாறு. அங்கே அதைப் பரப்பியதில் அரசின் கை பெரிது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொது இடங்களில் சைக்கிள் ஓடிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பெண்களில் சிலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம், பிள்ளையைப் பாரில் இருத்தலாம் என்பதற்காக. பிறகு 2001-02இல், பதினோராம் வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று விலையில்லாச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவ மாணவியர் எல்லோருக்குமாக விரிந்தது. பீகார் 2006இல் இதே வழியில் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. ஊர்ப்புறத்துப் பெண்பிள்ளைகள் மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து, ஒரே நிறச் சைக்கிள்களில், பனைமரச் சாலையில் பேசிக்கொண்டு போவதைப் பார்த்தவர் யாரும் அந்தத் திட்டத்தைப் பழிக்கமாட்டார்.

இலங்கை அரசு 1980இலிருந்து பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது, 1993இலிருந்து சீருடைத் துணியும் கொடுக்கிறது. சைக்கிள் அந்தப் பட்டியலில் எல்லோருக்குமாகச் சேரவில்லை. வன்னியில் நாலைந்து கிலோமீற்றர் நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் சைக்கிள் பெரும்பாலும் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோதான் வரும். யாரோ ஒருவர் தகப்பனின் ஆண்டுத் திதிக்குக் காசு அனுப்புவார். அதிபர் மேடையில் வைத்துக் கொடுப்பார், படம் எடுப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பது புலம்பெயர்ந்த ஒருவரின் நினைவைப் பொறுத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளை அதை உரிமையாகப் பெறுகிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ்நாடு தெளிவாக முன்னால் நிற்கிறது.

முன்னால் நிற்பது பன்னிரண்டாம் வகுப்பு வரைதான். அதற்குப் பிறகு அந்தச் சைக்கிள் தம்பிக்குப் போகிறது, அல்லது தோட்டத்துக்குப் புல்லுக்கட்டு ஏற்றப் போகிறது. கல்லூரிக்குச் சைக்கிளில் போனால் மதிப்பில்லை என்ற எண்ணம் எப்படியோ பதினெட்டு வயதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது மிகப் பெரிய உதவி. கூடவே சைக்கிளைக் கைவிட ஒரு நியாயமான காரணமும் ஆனது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு, திருநெல்வேலியில் பரமேஸ்வராச் சந்தியைத் தாண்டி, இன்றைக்கும் சைக்கிளில் வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் ஸ்கூட்டி பெருத்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனாலும் சேலை கட்டிய ஆசிரியை சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்க்காத ஊர் அது.

சென்னையில் கைவிடப்பட்ட சைக்கிள் வேறு உருவில் திரும்பி வந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு விடியற்காலை நின்று பாருங்கள். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு, கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை, நாற்பத்தைந்து கிலோமீற்றர் அளவில், சிவப்பு விளக்குகள் மின்னிக்கொண்டு வரிசையாகப் போகும். இந்த ஓட்டக்காரர்களில் மாணவர்களும் உண்டு. மாணவன் வைத்திருப்பது பெரும்பாலும் பகுதி நேர வேலைக் காசில் வாங்கிய பழைய ரோட் பைக். இவர்கள் பயிற்சியைக் கணக்காகச் செய்கிறார்கள். இருபது நிமிடம் முழு மூச்சில் ஓடி, வந்த சராசரிச் சக்தியில் நூற்றுக்கு ஐந்தைக் கழித்து, அதை வைத்து வாரத் திட்டம் போடுகிறார்கள். ஒரு நாள் விட்டு விட்டு வேகம், ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான நீள ஓட்டம், ஒரு நாள் ஓய்வு. மலை வேண்டுமென்றால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரிக்கோ, துணிந்தவர்கள் எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நெடுந்தூரக்காரருக்கு ஒடாக்ஸ் ஓட்டங்கள்: 200 கிலோமீற்றரைப் பதின்மூன்றரை மணித்தியாலத்தில் முடிக்க வேண்டும், 600ஐ நாற்பது மணித்தியாலத்தில். ஹெல்மெட்டும் முன் பின் விளக்கும் ஒளிரும் சட்டையும் இல்லாமல் புறப்பட விடமாட்டார்கள். அந்தச் சாலையில் கார்கள் பறக்கும் வேகத்தைப் பார்த்தால் அது அவசியந்தான் என்று தோன்றும்.

யாழ்ப்பாணத்தில் பந்தயத்துக்கு ஓடுகிற பிள்ளைக்குக் காற்றுத்தான் மலை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் பண்ணைத் தாம்போதியில் தீவுப்பக்கம் ஓடிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆழமில்லாக் கடல், மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை, நேரே முகத்தில் காற்று. நல்ல காலுள்ளவனும் நடை வேகத்துக்கு இறங்கிவிடுவான். ஏறத்தாழ இருபது கிலோ இரும்புச் சைக்கிளில் அந்தப் பாதையில் பழகியவனுக்கு இலேசான ரேஸ் சைக்கிள் கிடைத்தால் என்ன செய்வான் என்று யோசியுங்கள். துணை ஒன்று வேண்டும் என்று அவனுக்கு யாரும் புத்தகம் காட்டிச் சொல்லத் தேவையில்லை. முன்னால் போகிறவனின் முதுகோடு ஒட்டிப் போனால் காற்றின் சுமை குறையும், பிறகு இடம் மாற வேண்டும். ரியூசனுக்குப் பிந்திய இரண்டு பெடியள் எதிர்காற்றில் தாமாகவே அதைச் செய்கிறார்கள்.

வார இறுதி உலாவில்தான் இரண்டு ஊரும் மிக விலகிப் போகின்றன. சென்னையில் ஒருவனும் அவன் சிநேகிதியும் சேர்ந்து சைக்கிளில் போனால், அது ஒரு குழுவின் காலை ஓட்டமாக இருக்கும், இட்லியும் பில்டர் காப்பியுமாக முடிந்து, ஒன்பது மணி வெயிலுக்கு முன் வீடு. எத்தனை கிலோமீற்றர், என்ன சராசரி வேகம் என்பதே பேச்சு. இருவரும் சேர்ந்து வந்ததை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட பிறகு எல்லோரும் ஒரே மாதிரித்தானே.

யாழ்ப்பாணத்தில் சோடியாகச் சைக்கிள் ஓடுவது ஊருக்கே செய்தி. ரியூட்டரி விட்டதும் அவள் முன்னால் போவாள், அவன் இருபது யார் பின்னால். ஒழுங்கை திரும்பியதும் இரண்டு சைக்கிளும் சமனாகும், அடுத்த சந்தி வருமுன் மறுபடி பிரியும். பல்கலைக்கழகம் போன பிறகு கொஞ்சம் துணிவு வரும். நாலைந்து பேராகச் சேர்ந்து பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்கு, கரியரில் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போவார்கள். கீரிமலைக் கேணியில் குளிப்பார்கள். இன்னும் ஆசை இருந்தால் குறிகட்டுவான் வரை உழக்கி, சைக்கிளையும் படகில் ஏற்றி நெடுந்தீவுக்குப் போகலாம். பவளக்கல் அடுக்கிய வேலிகள், கட்டாக்காலிக் குதிரைகள், பருத்த பெருக்கு மரம், ஒரு பகலில் உழக்கி முடிக்கக்கூடிய ஊர். அங்கே போகிறவன் சராசரி வேகம் கேட்பதில்லை, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பான். எனக்கு இந்த உலாத்தான் பிடிக்கும் என்பதை ஒளிக்கவில்லை. சென்னைக்காரரின் ஒழுங்கு மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆசை இல்லை.

பஞ்சர் விஷயம் சின்னது, ஆனால் நிறையச் சொல்லும். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி ஒரு சைக்கிள் கடையும் தண்ணீர்த் தட்டும் இருக்கும். ஒட்டுப்போட்டுக் காற்றடித்துத் தரப் பத்து நிமிடம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரேஸ் சைக்கிளின் மெல்லிய வால்வுக்குப் பஞ்சர் கடைக் குழாய் பொருந்தாது. பம்பும் மாற்று ரியூப்பும் முதுகுப் பையில் வைத்திராதவன் அங்கே ஆட்டோதான் பிடிக்க வேண்டும்.

இனிப் பந்தயம். இந்தியாவில் நன்றாக ஓடுகிற பள்ளிப் பிள்ளைக்கு ஏணி உண்டு: மாவட்டம், மாநிலம், தேசியப் பள்ளி விளையாட்டு, பிறகு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீடு, அதன்பின் ரயில்வேயில் வேலை. இலங்கையிலும் அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழாவில் சைக்கிளோட்டம் இருக்கிறது. ஆனால் அதற்கு ரேஸ் சைக்கிள் வேண்டும், உதிரிப்பாகம் எல்லாம் இறக்குமதி. பள்ளிக்கூடத்தை முடித்த பிறகு நல்ல அணிகள் என்றால் இராணுவமும் கடற்படையும் விமானப்படையுமே. வடக்கின் தமிழ்ப் பிள்ளை அந்தக் கதவைத் தட்டுவது அரிது. காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை. கழகங்களின் ஆண்டு விழாவிலும் சித்திரை விளையாட்டிலும் சைக்கிளோட்டம் நடக்கிறது. வென்றவன் ஒரு கேடயத்தோடு வீட்டுக்குப் போகிறான், அதோடு சரி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் செப்டம்பரில், அறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி, மாவட்டந்தோறும் பள்ளி மாணவருக்குச் சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள், ஆண்களுக்கு 15, 20 கிலோமீற்றர், பெண்களுக்கு 10, 15. இதில் எனக்குப் பிடித்தது அதன் விதி: இந்தியாவில் செய்த சாதாரணச் சைக்கிளில்தான் ஓட வேண்டும், கியர் கூடாது. விலையில்லாத் திட்டத்தில் கிடைத்த அதே இரும்புச் சைக்கிளோடு ஒரு கூலித் தொழிலாளியின் மகள் புறப்படு கோட்டில் நிற்க முடிகிறது. ரோட் பைக் வாங்கக்கூடியவனின் காசு அங்கே செல்லாது.

வட மாகாணக் கல்வித் திணைக்களமும் விளையாட்டுத் திணைக்களமும் இதைச் செய்யச் சிறப்பு மைதானம் வேண்டாம், வெளிநாட்டுப் பயிற்றுநரும் வேண்டாம். தைப்பொங்கலை ஒட்டி ஒரு ஞாயிறு காலை, பண்ணையிலிருந்து வேலணை வரை சாலையை இரண்டு மணித்தியாலம் மறித்துத் தந்தால் போதும். கரியரும் மட்காட்டும் கழற்றாத சாதாரணச் சைக்கிள் மட்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத் தொகை. திதிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் கனடாக்காரர் ஒருவர், அதில் வெல்லும் பிள்ளைக்கு ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுக்கட்டும். அடுத்த பொங்கலுக்கே தொடங்கலாம்.