அரை மாத்திரைக்கு ஒரு கதை

தமிழ் சினிமாவிலும் தொடர்கதைகளிலும் தூக்க மாத்திரைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். மனம் உடைந்த பெண் டப்பாவைக் கவிழ்த்துக் கைநிறைய விழுங்குவாள். அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. தினமும் ராத்திரி அரை மாத்திரை போட்டுக்கொண்டு, பத்து வருஷமாக வேலைக்கும் போய்வருகிற ஒருத்தரை எந்தக் கதையில் பார்த்தோம்? எனக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

எங்கள் தேனிப் பக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். சினிமாக்காரர்களுக்கு எங்க ஊர் போதை என்றால் கம்பம் கஞ்சாதான். அல்பிரசோலமும் டயசிபாமும் வீட்டுக்குள் ‘நரம்பு மாத்திரை’ என்ற பெயரில் மரியாதையாக இருக்கின்றன. “படபடன்னு வருதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு, அப்படியே வாங்கிட்டு இருக்கேன்.” வாடை இல்லை, தள்ளாட்டம் இல்லை, ஊர் பேச ஒன்றுமில்லை. 2014 மார்ச் முதல் இவை எச்1 அட்டவணையில் உள்ளன. கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதில் வாங்கியது பதிவாகும். விட முடியாமல் தவித்தது பதிவாகாது. அது இலக்கியத்தின் வேலை.

ஆனால் விடுவதைப் பற்றியும் நம்மிடம் இருப்பது ஒரே கதை: வைராக்கியம். நாயகன் பாட்டிலை உடைப்பான், திருந்துவான். இந்த மாத்திரை விஷயத்தில் அந்தக் காட்சி உயிருக்கே ஆபத்து. நீண்டகாலம் பழகிய உடம்பு. சட்டென்று நிறுத்தினால் தூக்கம் போகும், கை நடுங்கும், பழைய பதற்றம் இன்னும் மூர்க்கமாகத் திரும்பும், வலிப்பும் வரலாம். அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் பார்பரா கார்டன், வேலியத்தை ஒரேயடியாக நிறுத்தி மனநல மருத்துவமனை வரை போனதை 1979இல் நூலாக எழுதினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே சிகிச்சை மையம் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் சொன்ன வழி நேர் எதிரானது: மருத்துவர் துணையோடு, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது.

கதைசொல்லிக்கு இது சங்கடம்தான். க்ளைமாக்ஸே கிடையாது. கால் மாத்திரை குறைந்த ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எப்படி எழுதுவது?

முடியாததில்லை. மதுரையில் பிறந்த கோபிகிருஷ்ணன் ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ நூலில், உச்சக்காட்சி தேடாமல் மனநோயாளிகளைப் பேசவிட்டார். லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) எங்கள் மலையில் ஏலக்காய் மூட்டை சுமப்பவர்களோடு கூடவே நடந்தது, நடையே கதையானது. சுமையோடு இறங்குகிறவனுக்குத் தெரியும், இறக்கத்தில் ஓடினால் ஆள் உருண்டுவிடுவான்.

அந்த நடையில் ஒரு நாவல் வர வேண்டும். “மனசு வச்சா விட முடியாதா?” என்று கேட்கும் வீடுகள் அதைப் படிக்க வேண்டும். மனசு வைத்ததால்தான் அவர் இன்றைக்கு அரையிலிருந்து கால் மாத்திரைக்கு வந்திருக்கிறார்.